கூட்டம் வராது என்றார்கள்

பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து எப்போது தொடங்கியது என்று உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவைக் கேட்டால், 1991, சீனா என்று பதில் வரும். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இருபது ஆண்டுகள் பின்னால் போய் மெக்சிகோவிலிருந்து ஆரம்பிப்பேன். பேச நேரம் இருந்தால் 1920-க்கே போய்விடுவேன். பெண்கள் ஆடினால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டுக் கேட்டே இந்தப் போட்டியைப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போட்டார்கள். நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தாலோ, கூட்டம் முதலில் வந்திருக்கிறது. தடை அதற்குப் பின்னால்தான் வந்திருக்கிறது.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், ஆயுதத் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். மதிய இடைவேளையில் பந்து உதைக்க ஆரம்பித்து, அப்புறம் அணி கட்டினார்கள். அப்படி உருவானவற்றில் பேர்பெற்றது பிரெஸ்டன் நகரத்து டிக், கெர் லேடீஸ். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு அவர்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். நன்கொடை திரட்ட நடந்த ஆட்டம் அது.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாது, ஊக்குவிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி செலவுக்கே போய்விடுகிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. சங்கத்தில் உள்ள எந்தக் கழகமும் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது, அவ்வளவுதான் உத்தரவு. ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆடுவதற்கு இடம் இல்லாமல் செய்தார்கள். கிடைத்த வெற்றுத் திடல்களில் ஆடிக் கூட்டம் குறைந்து போனதற்கு அப்புறம் ஆட்டத்தையே குறை சொன்னார்கள். இந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955 முதல் 1970 வரை தன் பங்குக்குத் தடுத்து வைத்தது. பிரேசிலில் விஷயம் சங்கத்தோடு நிற்கவில்லை, அரசாணையாகவே வந்தது. 1941-இல் வந்த அந்த ஆணை, பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகள் கூடாது என்றது. 1979 வரை அதைத் தொடவில்லை.

இப்போது மெக்சிகோவுக்கு வரலாம். 1970-இல் இத்தாலியில் சில தொழிலதிபர்கள் முன்னின்று ஓர் உலகக் கோப்பை நடத்தினார்கள். மார்ட்டினி அண்ட் ரோஸ்ஸி என்ற மது நிறுவனம் பணம் போட்டது. டென்மார்க் இறுதியாட்டத்தில் இத்தாலியை 2-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு அதே கூட்டணி மெக்சிகோவுக்குப் போனது. 1970-இல்தான் ஆண்கள் உலகக் கோப்பையை நடத்தி முடித்திருந்த நாடு. அஸ்டெக்கா மைதானம் புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க் என்று ஆறு அணிகள். கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசினார்கள். பெண்கள் போட்டி என்றால் இளஞ்சிவப்பு என்ற சிந்தனை அப்போதே வந்துவிட்டது, பாருங்கள்.

இங்கிலாந்து சார்பில் போனது ஹாரி பேட் என்பவர் திரட்டிய ஓர் அணி. சங்கத்தின் ஒப்புதல் கிடையாது. அணியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். சொந்த ஊரில் யாருக்கும் தெரியாத அந்தப் பெண்களை மெக்சிகோவில் கேமராக்கள் துரத்தின, தெருவில் கையெழுத்து கேட்டார்கள். களத்தில் கதை வேறு. ஆகஸ்ட் 21 அன்று அர்ஜென்டினா அவர்களை 4-1 என்று தோற்கடித்தது. நான்கு கோலும் எல்பா செல்வா அடித்தவை. அர்ஜென்டினாவில் இன்று ஆகஸ்ட் 21-ஐப் பெண் கால்பந்து வீரர்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மெக்சிகோ இறுதியாட்டத்துக்கு வந்தது. அதற்கு முன் அந்த அணி ஒரு காரியம் செய்தது, எனக்கு மிகவும் பிடித்த காரியம். அரங்கம் நிறைகிறது, பணம் கொட்டுகிறது, எங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். இருபது லட்சம் பெசோ கொடுக்காவிட்டால் இறுதியாட்டம் ஆட மாட்டோம் என்றார்கள். அதுவரை தலையில் தூக்கி வைத்து ஆடிய பத்திரிகைகள் அன்றே திட்ட ஆரம்பித்தன. கடைசியில் காசு வாங்காமலே ஆடினார்கள். செப்டம்பர் 5 அன்று அஸ்டெக்காவில் சுமார் 1,10,000 பேர் திரண்டார்கள் என்று கணக்கு. டென்மார்க் 3-0. மூன்றையும் அடித்தவர் 15 வயது சுசான் அகுஸ்தெசன். உலகக் கோப்பை என்ற பெயரில் நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில், லட்சம் பேர் முன்னால், பதினைந்து வயதில் ஹாட்ரிக். ஃபிஃபாவின் ஏடுகளில் இந்த ஆட்டம் இல்லை. ஊர் திரும்பிய ஹாரி பேட்டைக் கால்பந்துப் பக்கமே வர விடாமல் ஒதுக்கினார்கள். வீராங்கனைகளுக்கும் தடை விழுந்தது.

ஆசியாவிலும் இதே கதைதான், சத்தம் குறைவு. 1975-இல் ஹாங்காங்கில் முதல் ஆசியப் பெண்கள் போட்டி நடந்தது. நடத்தியது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இல்லை, பெண்களுக்கென்று தனியாகக் கட்டிய ஓர் அமைப்பு. ஆசியப் போட்டியை நியூசிலாந்து வென்றது என்பது அதிலுள்ள வேடிக்கை. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த போட்டியில் இந்தியா இறுதிவரை வந்து சீன தைபேயிடம் (தைவான் ஆடும் பெயர் அது) 0-2 என்று தோற்றது.

ஆக, 1980-களில் ஆட்டம் இருந்தது, அணிகள் இருந்தன, பார்க்க ஆளும் இருந்தது. இல்லாமல் இருந்தது ஃபிஃபா மட்டும். 1986-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் நார்வேயின் எல்லன் வில்லெ எழுந்து பேசினார். அந்த மாநாட்டு மேடையில் பேசிய முதல் பெண் அவர்தான். உங்கள் அறிக்கையில் பெண்கள் கால்பந்துக்கு இடமே இல்லையே என்று கேட்டுவிட்டு, உலகக் கோப்பை வேண்டும், ஒலிம்பிக்கிலும் இடம் வேண்டும் என்றார். தலைவர் ஜோவாவ் ஹாவெலாஞ் சரி என்றார். ஆனால் உடனே நடத்திவிடவில்லை. 1988-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 12 அணிகளை அழைத்து ஒரு வெள்ளோட்டம் விட்டார்கள். நார்வே சுவீடனை 1-0 என்று வென்றது. கூட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் 1991.

அந்த முதல் போட்டிக்கு ‘உலகக் கோப்பை’ என்று பெயர் வைக்க ஃபிஃபாவுக்கு மனம் வரவில்லை. நன்றாக ஆடாமல் போனால் பெயர் கெட்டுவிடுமே! ‘எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான முதல் ஃபிஃபா பெண்கள் கால்பந்து உலகச் சாம்பியன்ஷிப்’ என்று ஒரு மிட்டாயின் பெயரையும் சேர்த்து நீளமாக வைத்தார்கள். உலகக் கோப்பை என்ற பட்டம் பிற்பாடு முன்தேதியிட்டுக் கொடுக்கப்பட்டது. ஆட்டம் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம். பெண்களால் 90 நிமிடம் தாங்க முடியாதாம். மீதிப் பத்து நிமிடமும் ஆடினால் எங்கள் சினைப்பைகள் கழன்று விழுந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ என்கிற தொனியில் அமெரிக்கக் கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் பின்னர் கிண்டலடித்தார்.

அந்த 80 நிமிடக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும். 1991 நவம்பர் 30, குவாங்சோவின் தியான்ஹே மைதானம், 63,000 பேர். அமெரிக்காவும் நார்வேயும் 1-1. 78-ஆவது நிமிடத்தில் நார்வேயின் டீனா ஸ்வென்சன் தன் கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தட்டினார், வேகம் போதவில்லை. மிஷெல் ஏக்கர்ஸ் பாய்ந்து எடுத்து, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே தள்ளினார். முதல் கோலும் அவருடையதுதான். போட்டி முழுவதும் அவர் அடித்தது பத்து, அதில் ஐந்து தைவானுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். உலகச் சாம்பியன்கள் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் காத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1995-ஐ நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவீடனில் கூட்டம் வரவில்லை. சராசரி 4,300 பேர், சில ஆட்டங்களுக்குச் சில நூறு பேர்தான். சின்ன ஊர்கள், சின்ன மைதானங்கள், விளம்பரம் கிடையாது. ‘நாங்கள்தான் சொன்னோமே’ கோஷ்டிக்கு ஒரு சான்று கிடைத்தது. (90 நிமிடம் வந்துவிட்டது. கூடவே கூடைப்பந்தில் இருப்பது போல் இரண்டு நிமிட டைம்-அவுட்டையும் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை.) நார்வே ஜெர்மனியை 2-0 என்று வென்றது. அதற்கு முன் அரையிறுதியில் அமெரிக்காவை 1-0 என்று சாய்த்துவிட்டு, நார்வே வீராங்கனைகள் ஒருவர் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொண்டு புல்தரையில் ரயில் விட்டார்கள். அமெரிக்கர்கள் அந்த ரயிலை மறக்கவே இல்லை.

1999-ஐ அமெரிக்காவில் நடத்த முடிவானதும் மறுபடி அதே பேச்சு. நாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்ன மைதானங்கள் போதும் என்ற யோசனைதான் முதலில் இருந்தது. மர்லா மெஸ்ஸிங் தலைமையிலான அமைப்புக் குழு அதை மாற்றி, அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம்) நடக்கும் பிரம்மாண்ட மைதானங்களை எடுத்தது. வீராங்கனைகள் ஊர் ஊராகப் போய்ச் சிறுமிகளுக்குப் பயிற்சி முகாம் நடத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, டிக்கெட் விற்றார்கள். தொடக்க ஆட்டத்துக்கு ஜயன்ட்ஸ் மைதானத்தில் 78,972 பேர். போட்டி முழுவதுக்கும் சேர்த்து 11,94,221. நான்கு ஆண்டு முன்பு சுவீடனில் சராசரி நான்காயிரம் வந்த அதே போட்டி, சராசரி 37,000-ஐத் தாண்டியது. இடையில் பெண்கள் திடீரென்று ஒன்பது மடங்கு நன்றாக ஆடிவிடவில்லை. யாரோ உட்கார்ந்து விற்றார்கள், அதுதான் வித்தியாசம்.

பாசடினா ரோஸ் போல், ஜூலை 10, 90,185 பேர். அமெரிக்காவும் சீனாவும் 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. எல்லோருக்கும் நினைவிருப்பது அமெரிக்காவின் பிராண்டி சேஸ்டைன் கடைசிப் பெனால்டியை அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மண்டியிட்ட படம். அந்தப் படம் ஆட்டத்தையே விழுங்கிவிட்டது என்பது என் வருத்தம். கூடுதல் நேரத்தில் சீனாவின் ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. கோல்கோட்டில் நின்ற கிறிஸ்டின் லில்லி தலை கொடுத்துத் தடுத்தார். அந்தக் காலத்தில் தங்க கோல் விதி. பந்து உள்ளே போயிருந்தால் அந்த நொடியே சீனா சாம்பியன், சேஸ்டைனுக்கு வேலையே இருந்திருக்காது. அடுத்தது, பெனால்டியில் லியூ யிங் அடித்ததை பிரியானா ஸ்கரி பாய்ந்து தடுத்தது. பந்து காலை விட்டுக் கிளம்பும் முன்பே ஸ்கரி கோட்டை விட்டு முன்னே வந்துவிட்டார் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை, படத்தை நிறுத்திப் பார்த்தால் வந்துதான் இருக்கிறார். சேஸ்டைன் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில் இதே சீனக் கோல்கீப்பர் காவ் ஹோங்குக்கு எதிராக வலக்காலால் அடித்துத் தவறவிட்டிருந்தார். பயிற்சியாளர் டோனி டிசிக்கோ இடக்காலால் அடிக்கச் சொன்னார். அந்த இடக்கால்தான் கோப்பையை வாங்கிக் கொடுத்தது.

அந்த உற்சாகத்தில் அமெரிக்காவில் ஒரு தொழில்முறை லீக் பிறந்தது. 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, பணமில்லாமல் மூடப்பட்டது. சார்ஸ் நோய் பரவியதால் சீனாவில் நடக்க வேண்டிய அந்தப் போட்டி அவசர அவசரமாக அமெரிக்காவுக்கு மாறியிருந்தது. வென்றது ஜெர்மனி. நியா குன்சர் 98-ஆவது நிமிடத்தில் முட்டிய தங்க கோலில் சுவீடன் வீழ்ந்தது. 2007-இல் மறுபடி ஜெர்மனிதான். போட்டி முழுவதும் ஒரு கோல்கூட வாங்காமல், இறுதியில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் கோல்கீப்பர் நாடின் ஆங்கரர் தடுத்து, பிரேசிலை 2-0 என்று வென்றார்கள். ஜெர்மனி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1989-இல் அந்த நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது சங்கம் ஆளுக்கொரு காபி செட் பரிசு கொடுத்தது. பூப்போட்ட பீங்கான்.

இத்தனை இறுதியாட்டங்களில் ஒன்றைத்தான் திரும்பப் பார்க்கலாம் என்றால் 2011-ஐ எடுப்பேன். அந்த ஆண்டு மார்ச் 11-இல்தான் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும். நான்கு மாதத்தில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. காலிறுதியில் போட்டியை நடத்தும் ஜெர்மனியையே எதிர்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் நோரியோ சசாகி சுனாமி அழிவின் படங்களை அணிக்குக் காட்டினார். கூடுதல் நேரத்தில் ஒரே கோலை அடித்து ஜெர்மனியை வெளியேற்றிய கரினா மருயாமா, ஒரு காலத்தில் டோக்கியோ மின்சார நிறுவனத்தின் அணியில் ஆடிக்கொண்டே ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். கதையில் எழுதினால் மிகை என்று அடித்துவிடுவோம்.

இறுதியில் எதிரே அமெரிக்கா. அதுவரை ஜப்பான் அவர்களை ஒரு தடவைகூட வென்றதில்லை. அமெரிக்கா முன்னிலை, 81-ஆவது நிமிடத்தில் ஜப்பானின் மியாமா சமன். கூடுதல் நேரத்தில் அபி வாம்பாக் கோலால் அமெரிக்கா மறுபடி முன்னிலை. 117-ஆவது நிமிடத்தில் மியாமாவின் கார்னர். அருகிலுள்ள கம்பத்துப் பக்கம் ஓடிவந்த ஹோமாரே சாவா, கோலுக்கு முதுகைக் காட்டியபடியே பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் திருப்பிவிட்டார். சாவாவுக்கு அது ஐந்தாவது உலகக் கோப்பை. முதலாவது, சுவீடனில் ஆளில்லாமல் நடந்த 1995. பெனால்டியில் அமெரிக்கா முதல் மூன்றையும் கோட்டைவிட்டது, சாகி குமகாய் கடைசியை வலையின் மேல்மூலையில் அறைந்தார். ஆசிய அணி ஒன்று பெரியவர்களுக்கான உலகக் கோப்பையை வென்றது அதுதான் முதல் முறை. ஆண்களில் இன்னும் யாரும் வெல்லவில்லை.

அதற்குப் பின் பேச்சு கூட்டத்திலிருந்து காசுக்கு மாறியது. 2015-இல் கனடாவில் அனைத்து ஆட்டங்களும் செயற்கைப் புல்லில். சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரியும் தரை. ஆண்கள் உலகக் கோப்பையை இப்படி ஒருபோதும் நடத்தியதில்லை என்று வீராங்கனைகள் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள், புல் மாறவில்லை. இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் கார்லி லாயிட் 16 நிமிடத்துக்குள் ஹாட்ரிக் அடித்து, அதில் ஒன்றை மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்தே அடித்து, ஜப்பானை 5-2 என்று நொறுக்கினார். அமெரிக்காவுக்குக் கிடைத்த பரிசு 20 லட்சம் டாலர். முந்தைய ஆண்டு ஆண்கள் கோப்பையை வென்ற ஜெர்மனிக்கு 3.5 கோடி டாலர்.

ஆண்கள் ஆட்டத்தில் வருமானம் அதிகம், அதனால் பரிசும் அதிகம் என்பார்கள். பாதி உண்மை. நீண்டகாலம் ஃபிஃபா பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை ஆண்கள் போட்டியோடு இலவச இணைப்பாகக் கொடுத்து வந்தது. தனியாக விலை வைத்து விற்க ஆரம்பித்தது 2023-க்குத்தான். சும்மா கொடுத்த பொருளுக்கு மதிப்பில்லை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதே 2023-இல் ஐரோப்பிய நிறுவனங்கள் குறைவாக விலை கேட்டதும், ஒளிபரப்பே கிடையாது என்று ஃபிஃபா தலைவர் மிரட்டியதையும் பார்த்தோம்.

2019 பிரான்சில் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என்று அடித்தது. பத்து கோலுக்கு மேலும் கொண்டாடினார்களே என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அதைவிட நினைவிருப்பது தாய்லாந்தின் அடுத்த ஆட்டம். சுவீடனிடம் 1-5 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோல் விழுந்ததும் அணி மேலாளர் நுவல்பான் லாம்சாம் கண்ணீர் விட்டு அழுதார். அதே போட்டியில் மார்த்தா தன் 17-ஆவது உலகக் கோப்பைக் கோலை அடித்தார். ஆண், பெண் இரண்டிலும் அன்றைக்கு அதுதான் அதிகபட்சம். இறுதியில் அமெரிக்கா நெதர்லாந்தை வென்றதும் லியோன் அரங்கம் ‘சம ஊதியம்’ என்று முழங்கியது. அமெரிக்க வீராங்கனைகள் அந்த மார்ச்சில்தான் தங்கள் சங்கத்தின்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். 2022-இல் அது 2.4 கோடி டாலருக்குச் சமரசமானது. மெக்சிகோ அணி 1971-இல் கேட்டதும் இதைத்தானே.

2023-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, 32 அணிகள். இத்தனை அணிகளைச் சேர்த்தால் தரம் கெடும், கோல் மழையாகும் என்றார்கள். மொராக்கோ முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 0-6 வாங்கியது. பிறகு இரண்டை வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. ஜெர்மனி மூட்டை கட்டியது. ஜமைக்கா பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டி வந்து, பிரேசிலை வெளியேற்றியது. ஸ்பெயின் ஜப்பானிடம் 0-4 வாங்கிய பிறகும் கோப்பையை வென்றது. அதற்கு முந்தைய செப்டம்பரில் அந்த நாட்டின் 15 வீராங்கனைகள், இந்த நிர்வாகத்தில் ஆட முடியாது என்று சங்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர்தான் உலகக் கோப்பை அணியில். சிட்னியில் 75,784 பேர் முன்னால் ஓல்கா கார்மோனாவின் கோலில் இங்கிலாந்தை வென்றார்கள். பதக்க மேடையில் சங்கத் தலைவர் லூயிஸ் ருபியாலஸ் வீராங்கனை ஜென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். மறுநாள் உலகம் கோலைப் பற்றிப் பேசவில்லை. ருபியாலஸ் அடுத்த மாதம் பதவி விலகினார், 2025-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 10,800 யூரோ அபராதம் விதித்தது. அந்த 15 பேர் எழுதிய கடிதத்தை அன்றே படித்திருக்கலாம்.

அடுத்தது 2027, பிரேசில். தென் அமெரிக்காவில் இதுதான் முதல் முறை. 1941-இல் பெண்கள் ஆடக் கூடாது என்று ஆணை போட்ட நாடு, எட்டு நகரங்களில் 2014 ஆண்கள் உலகக் கோப்பை நடந்த மைதானங்களையே ஒதுக்கியிருக்கிறது. செயற்கைப் புல் விவகாரத்தையும் சுவீடனின் சின்ன மைதானங்களையும் நினைத்தால், எனக்கு இது யார் கோப்பை வெல்வார்கள் என்பதைவிடப் பெரிய செய்தி. இனிப் பார்க்க வேண்டியது டிக்கெட் விற்பனையை. பிரேசில் ஆடும் நாட்களில் அரங்கம் நிறைந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு சின்ன அணிகள் ஆடும் குழுநிலை ஆட்டத்துக்கு எத்தனை பேரை வரவழைக்கிறார்கள் என்பதில்தான் அமைப்பாளர்களின் சாமர்த்தியம் தெரியும்.